தட்டில் ஆறிய கறி

“கறி செருப்பு மாதிரி ஆயிடுதும்மா” என்றார் சவரிராயன்.

தெக்லா கேரட் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“என்ன கறி?”

“மாட்டுக்கறி. அண்டர்கட்டுதான், மெத்துனு இருக்கிற பாகம். பல்லே இல்லாதவங்ககூட சாப்பிடலாம்னு சொல்லித்தான் கறிக்கடைக்காரர் கொடுத்தாரு. எங்க வீட்டுக்கு வந்ததும் செருப்பாயிடுது.”

“யாருக்குச் சமைக்கிறீங்க?”

“சம்சாரத்துக்கு.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலால் ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்காரவில்லை. உட்காரும் பழக்கம் அவருக்கு இல்லை.

மலைமேல் இருக்கும் தியான இல்லத்தின் அடுப்பங்கரை அது. மூன்று நாள் வாய் பேசாமல் இருந்து கடவுளைத் தேடலாம் என்று கீழேயிருந்து ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் அதில் பாதிப் பேர் அடுப்பங்கரைப் பின்வாசலில் நிற்பார்கள். வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. சமையல் பார்க்கும் தெக்லாவிடம் கேள்வி கேட்பார்கள். அவள் ஒரு கத்தியையும் ஒரு கூடை வெங்காயத்தையும் எடுத்துக் கையில் கொடுப்பாள்.

பதில் என்று அவள் வாயிலிருந்து வருவது குறைவு. அவளுக்கு வயதும் நாற்பத்திரண்டுதான். ஆனாலும் வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். இல்லத்தை நடத்தும் பாதிரியார் இதைக் கண்டும் காணாமல் இருந்தார். அவரே இரண்டு தடவை வெங்காயம் உரித்திருக்கிறார்.

சவரிராயன் கடவுளைத் தேடி வரவில்லை. அறுபத்தைந்து வயதில் இரண்டு மைல் மேடேறி வந்தது கறிக்காக.

அவர் நாற்பது வருஷம் ஊர் உச்சியில் உள்ள கிளப்பில் பேரராக இருந்தவர். மேஜையில் பரிமாறுகிற வேலை. வெள்ளைக் கோட்டு, இடுப்பில் பச்சைப் பட்டை. தோட்டத்து துரைமார் எத்தனையோ பேருடைய முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். ஸ்டேக் என்கிற மாட்டுக்கறித் துண்டு வைத்த தட்டை இடப்பக்கமிருந்து வைக்க வேண்டும். வைத்ததும் மூன்றடி பின்வாங்கி நிற்க வேண்டும். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அந்தக் கறியை எப்படிச் சமைப்பது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. கிளப் சமையல்காரர் எந்தப் பேரரையும் அடுப்புப் பக்கம் அண்டவிட்டதில்லை.

மழைக்காலத்தில் அவர் மனைவி அடைக்கலமேரிக்கு நிமோனியா வந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்தாள். பசி மட்டும் அவளோடு வீடு திரும்பவில்லை. நாற்பத்தொன்பது கிலோவாகப் போனவள் நாற்பதாக வந்தாள். இப்போது முப்பத்தெட்டு.

டாக்டரம்மா சவரிராயனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். எழுதிய மாத்திரையெல்லாம் முடிந்துவிட்டது, இனி சாப்பாடுதான் மருந்து என்றார். கறியும் முட்டையும் உள்ளே போனால் எழுந்து நடமாடுவார், போகாவிட்டால் அடுத்த சளியைத் தாங்க மாட்டார் என்றார். மாதக் கடைசிக்குள் எடை ஏறாவிட்டால் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்றும் சொன்னார். சவரிராயன் அதை மனைவியிடம் சொல்லவில்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

போன திங்கட்கிழமை அடைக்கலமேரி தானாகவே வாயைத் திறந்தாள். கிளப்பில் பெரிய தட்டில் வைத்துக் கொடுப்பார்களே, அந்தக் கறியைச் சாப்பிட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது என்றாள்.

சவரிராயனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் வேண்டும் என்று கேட்ட முதல் பண்டம் அது. மறுநாளே வாங்கி வந்தார். வேகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வைத்தார். அதுதான் செருப்பானது.

இத்தனையையும் கேட்டுவிட்டு தெக்லா மறுபடி கேரட்டை எடுத்தாள்.

“எத்தனை நிமிஷம்னு மட்டும் சொல்லுங்கம்மா. நான் போயிடறேன்.”

“நாளைக்குக் கறியோட வாங்க” என்றாள்.

*

மறுநாள் காலை அவர் கறியோடு வந்தார்.

அவள் அதை அடுப்பில் ஏற்றவிடவில்லை. ஒரு துணியைக் கொடுத்து ஈரம் போகத் துடைக்கச் சொன்னாள். துடைத்தார். போதாது என்றாள். மறுபடி துடைத்தார். உப்பும் இடித்த மிளகும் தடவச் சொன்னாள். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்துப் புகை எழும்பும் வரைக்கும் காயவிட்டாள். பிறகு துளி எண்ணெய்.

கறி சட்டியில் விழுந்து சீறியது.

சவரிராயன் கரண்டியை எடுத்து அதைக் கொஞ்சம் நகர்த்தினார். தெக்லா அவர் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினாள்.

“தொடாதீங்க.”

“அடி பிடிச்சுக்குமேம்மா.”

“பிடிக்கட்டும். வெந்தா அதுவே விடும்.”

அவருக்கு அந்த இரண்டு நிமிஷம் இரண்டு மணி நேரமாக இருந்தது. கை சும்மா இருக்க மறுத்தது. கரண்டியை வைத்தார், எடுத்தார், சட்டைப் பித்தானைத் திருகினார். கடைசியில் அவள் சொன்னபடி கறி தானாகவே சட்டியை விட்டது. திருப்பினார். அடிப்பக்கம் நல்ல காப்பிப்பொடி நிறத்தில் சிவந்திருந்தது.

வெண்ணெய் ஒரு கட்டி, நசுக்கின பூண்டு நாலு பல். உருகின வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கறியின் மேல் ஊற்றச் சொன்னாள். பிறகு கறியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே சட்டியில் பாதியாக வெட்டிய வேகவைத்த உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் போட்டாள். சட்டியில் ஒட்டியிருந்த சாறெல்லாம் கிழங்கில் ஏறியது. அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான். கறியை உடனே வெட்டாதீங்க. அஞ்சு நிமிஷம் சும்மா கிடக்கட்டும். வெட்டினதும் சாப்பிட்டுடணும். ஆறினா வீணாப்போயிடும்.”

அஞ்சு நிமிஷம் கழித்து அவள் வெட்டினாள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை முள்கரண்டியில் குத்தி அவரிடம் நீட்டினாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பழக்கமில்லம்மா. பரிமாறுற பண்டத்துல நாங்க வாய் வைக்கிறதில்ல.”

தெக்லா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டையும் தானே சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

*

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு சவரிராயன் வீட்டு அடுப்பில் சட்டி ஏறியது. எதையும் அவர் விட்டுவிடவில்லை. துடைத்தார், காயவைத்தார், தொடாமல் நின்றார். வாசனை பக்கத்து வீடு வரை போனது.

மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தார். கத்தி வலப்பக்கம், முள் இடப்பக்கம். அடைக்கலமேரியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். தட்டை இடப்பக்கமிருந்து வைத்தார். மூன்றடி பின்வாங்கி, தோளில் துண்டோடு, அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பது வருஷத்தில் எந்தத் துரைக்கும் அவர் இவ்வளவு ஆசையாகப் பரிமாறியதில்லை.

அடைக்கலமேரி தட்டைப் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

“நீங்க?”

“நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன். நீ சாப்பிடு.”

அவள் ஒரு பீன்ஸை முள்ளால் இந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு அந்தப் பக்கம் தள்ளினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அவள் அம்மா அப்படி, அவள் அத்தை அப்படி. கிளப்பிலிருந்து அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் சோற்றுப்பானை திறக்காமல் காத்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய கையோடு படுத்திருந்தபோதுகூட, அவர் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொன்ன பிறகுதான் ரொட்டியைப் பிட்டாள். யாரும் அவளை அப்படி இருக்கச் சொல்லவில்லை. அவர் வயிறு நிறைந்தது தெரியாமல் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான்.

சவரிராயனுக்கு இது தெரியாததல்ல. முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். அதனாலேயே அது அவர் கண்ணில் படவில்லை.

அவள் காத்திருந்தாள். அவர் நின்றார். தட்டில் வெண்ணெய் மெல்ல மெல்ல வெள்ளையாக உறைந்தது.

கடைசியில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். ரொம்ப நேரம் மென்றாள். தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

“நல்லாத்தான் இருக்குங்க” என்றாள். “மீதியை அப்புறம் சாப்பிடறேன்.”

மீதியை அவள் தொடவில்லை. மறுநாள் காலை அவர் ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விறைத்துக் கிடந்தது.

*

“மறுபடியும் செருப்பும்மா.”

தெக்லா அவரையே சமைக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்று பார்த்தாள். அவர் சமைத்து முடித்து, அஞ்சு நிமிஷம் காத்திருந்து, வெட்டி நீட்டினார். அவள் மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“கறியில குத்தமில்ல” என்றாள்.

“அப்ப என் கையிலயா?”

“கையிலயும் இல்ல.”

“அப்ப எதுலம்மா?”

தெக்லா கத்தியையும் வெங்காயக் கூடையையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

நின்றபடியே மூன்று கிலோ உரித்தார். பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. வெங்காயம் உரிக்கும்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த மட்டில் அவருக்கு அது சௌகரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மறுபடி சட்டி ஏறியது. மறுபடி வெள்ளைத் துணி, கத்தி, முள். தட்டை வைத்துவிட்டு, மிளகுப்பொடி எடுத்துவர உள்ளே போனார். திரும்பி வந்தால் நாற்காலி காலியாக இருந்தது.

அடைக்கலமேரி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள். கறித் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவருக்குச் சோறும் ரசமும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். ரசம் மேடையெல்லாம் சிந்தியிருந்தது.

“முதல்ல நீங்க உக்காந்து சாப்பிடுங்க. அது எங்க போயிடப்போகுது? மூடித்தான் வச்சிருக்கேன்.”

முடியாதவள் எழுந்து நடந்துவிட்டாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் சொன்னபடி கேட்டால் சீக்கிரம் போய் உட்காருவாள் என்று அந்தச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டார். எவ்வளவு அவசரமாகச் சாப்பிட்டும் பத்து நிமிஷம் ஆனது.

மேல் தட்டைத் தூக்கினார். ஆவி தண்ணீராகி உள்ளே சொட்டியிருந்தது. கறி சாம்பல் நிறத்தில் நனைந்து கிடந்தது.

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். மெல்லுவதற்கே அவளுக்குத் தெம்பு போதவில்லை. தாடை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

புதன்கிழமை எடை பார்த்தார்கள். முப்பத்தேழரை.

*

வியாழக்கிழமை காலை அவர் தியான இல்லத்துக்கு வெறுங்கையோடு வந்தார். பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“திங்கட்கிழமை கொண்டுவந்து சேர்த்துடுங்கன்னு சொல்லிட்டாங்கம்மா. குழாய் போடணுமாம். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைக்கூட என்னால ஒழுங்காப் போட முடியல.”

தெக்லா கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“சட்டியை அடுப்புல இருந்து இறக்கினதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு? எல்லாத்தையும் சொல்லுங்க.”

அவர் சொன்னார். வெள்ளைத் துணியைச் சொன்னார். கத்தி எந்தப் பக்கம், முள் எந்தப் பக்கம் என்று சொன்னார். இடப்பக்கமிருந்து தட்டு வைத்ததைச் சொன்னார், மூன்றடி பின்வாங்கியதைச் சொன்னார். அந்த வருத்தத்திலும் அதைச் சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. அதை அப்படியே மனைவிக்குச் செய்திருக்கிறார்.

தெக்லா குளிர்பெட்டியிலிருந்து ஒரு துண்டுக் கறியை எடுத்தாள். துடைத்தாள். சட்டியைக் காயவைத்தாள்.

சமையல் முடிந்ததும் அவரைச் சாப்பாட்டு ஹாலுக்குக் கூட்டிப்போனாள். அன்று தியானத்துக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. நாற்பது நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒன்றை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க ஐயா.”

“பரவாயில்லம்மா, நான்...”

“உக்காருங்க.”

அவர் நுனியில் உட்கார்ந்தார். அவள் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். தட்டை இடப்பக்கமிருந்து வைத்தாள். மூன்றடி பின்வாங்கி நின்றாள்.

கறியிலிருந்து ஆவி எழும்பியது. பூண்டும் வெண்ணெயும் மணத்தது. காலையில் ஒரு டம்ளர் காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தவருக்கு வாயில் எச்சில் ஊறியது. முள்ளை எடுத்தார்.

கீழே வைத்தார்.

பின்னால் அவள் மூச்சுவிடுவது கேட்டது. அவர் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது. பிடரியில் என்னவோ ஊர்ந்தது. பாவம், காலை அஞ்சு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிறவள், அவள் ஏதாவது சாப்பிட்டாளோ இல்லையோ.

மறுபடி முள்ளை எடுத்தார். ஒரு துண்டை வாய்வரைக்கும் கொண்டுபோனார். ஊறின எச்சில் எங்கே போனதென்று தெரியவில்லை. வாய் காய்ந்துகிடந்தது.

“நீங்களும் உக்காருங்கம்மா.”

அவள் தோளில் இருந்த துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

“எனக்குக் கூச்சமா இருக்கும்மா.”

அவள் அசையவில்லை. தட்டில் வெண்ணெய் ஓரத்திலிருந்து வெள்ளையாகத் தொடங்கியது.

“நீங்க இப்படி நின்னுட்டிருந்தா எனக்கு எப்படிம்மா இறங்கும்?”

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

அவர் எழுந்து நின்றார். காது இரண்டும் சூடாகிவிட்டது.

“வர்றேம்மா” என்றார்.

தெக்லா ஏற்கெனவே தட்டை எடுத்துவிட்டிருந்தாள். தட்டிலிருந்த துண்டை மென்றபடியே, “பின்வாசல் வழியாப் போங்க, கறிக்கடைக்கு அதுதான் கிட்ட” என்றாள்.

*

சாயங்காலம் ஆறு மணி. வெள்ளைத் துணி பெட்டியிலேயே இருந்தது.

சவரிராயன் ஒரு பலகையை மேஜைமேல் வைத்தார். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே அதன்மேல் வைத்தார். கறியைச் சட்டிக்குள்ளேயே வெட்டினார். கிழங்கும் பீன்ஸும் சுற்றிலும் கிடந்து பொரிந்துகொண்டிருந்தது. இரண்டு முள். தட்டே கிடையாது.

நாற்காலியை இழுத்து அடைக்கலமேரிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

அவள் பயந்துவிட்டாள்.

“ஏங்க, உடம்புக்கு முடியலையா?”

“பசிக்குது.”

பொய்யில்லை. காலைக் காப்பிக்குப் பிறகு அவர் வாயில் ஒன்றும் போகவில்லை. இரண்டு மைல் ஏறி, இரண்டு மைல் இறங்கி, கறிக்கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்.

“அப்ப சாப்பிடுங்க” என்று அவள் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் ஒரு துண்டைக் குத்தினார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்து வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். அவர் சாப்பிடப் போகிறார். சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும் அவள் அப்படியே இருப்பாள். இப்போதே சட்டியின் சத்தம் அடங்கத் தொடங்கியிருந்தது.

இதற்கு என்ன செய்வதென்று மலைமேல் யாரும் அவருக்குக் காட்டித்தரவில்லை.

அவர் முள்ளைக் கீழே வைத்தார்.

“நீ ஒரு வாய் வை. அப்புறம்தான் நான் வைப்பேன்.”

“விளையாடாதீங்க.”

“விளையாட்டு இல்ல, அடைக்கலம். எனக்குப் பயமா இருக்கு. திங்கட்கிழமை உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. மூக்குல குழாய் போடணுமாம். எல்லாம் நல்லா இருக்குன்னு நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

அவள் மூக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“பசி உயிர் போகுது எனக்கு. ஆனா உனக்கு முன்னால சாப்பிட மாட்டேன். இன்னிக்கு மட்டுமில்ல. இனிமே எப்பவும்.”

“அது எப்படிங்க? நான் எப்படி முதல்ல...”

அவள் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று முணுமுணுத்தாள். கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன் என்றார் அவர்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சட்டியில் ஒரு பூண்டுப் பல் மட்டும் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

அப்போது சவரிராயன் வயிறு சத்தம் போட்டது. நீளமாக, வெட்கமில்லாமல்.

அடைக்கலமேரியின் இரண்டு கையும் மடியிலிருந்து எழுந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் கேட்டு அவள் ஒருநாளும் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை. அவசரமாக ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டாள். மென்றாள். மெல்லும் வேகம் தானாகவே குறைந்தது. விழுங்கினாள். தண்ணீர் கேட்கவில்லை.

“போதுமா? இப்பவாவது சாப்பிடுங்க.”

அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். முள்ளை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“இன்னுமா?”

வாய் நிறையக் கறியோடு அவர் தலையை ஆட்டினார்.

“உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு” என்று சொல்லிக்கொண்டே அவள் சட்டியைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.